பிரெக்ட் நாடகம் பாத்து அழுதா தப்பா?

காலேஜ் விழாவுல ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட்டோட 'மதர் கரேஜ்' நாடகம் பாத்திருக்கீங்க, அந்த ஊமைப் பொண்ணு கூரை மேல ஏறி மேளம் அடிக்கிற இடத்துல கண்ணு கலங்கிடுச்சு, உடனே பக்கத்து சீட்டு ஃப்ரெண்டு "பிரெக்ட் நாடகத்துல அழக்கூடாது மச்சி, அழுதா நாடகம் தோத்துப்போச்சுன்னு அர்த்தம்"னு சொல்லிட்டாரு. அவர் சொன்னது சரியா, ஜனங்க அழவே கூடாதுன்னு நினைச்ச ஆளை எதுக்கு நவீன நாடகத்தையே மாத்தினவருன்னு கொண்டாடுறாங்க, இதுதானே கேள்வி.

உங்க ஃப்ரெண்டு எங்கயோ அரைகுறையா காதுல வாங்கினத முடிவா சொல்லிட்டாரு. அழுகை பிரச்சினையே இல்ல. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு "ப்ச், பாவம், அவ தலையெழுத்து"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போறோம் பாருங்க, அந்தத் தலையெழுத்துங்கிற வார்த்தைதான் பிரெக்ட்டுக்கு ஆகவே ஆகாது. இப்படி நடந்தது சரி, ஆனா இப்படித்தான் நடந்தாகணும்னு யாரு சொன்னா, இந்த இடத்துல இந்தாளு வேற மாதிரி செஞ்சிருக்கலாமே, ஏன் செய்யல, யாரு லாபத்துக்காகச் செய்யல, இதெல்லாம் சீட்ல உக்காந்திருக்கும்போதே நமக்குத் தோணணும், அதுக்குத்தான் அவர் நாடகத்துல எழுதி மாட்டுற போர்டு, நடுவுல பாட்டு, நம்மளப் பாத்துப் பேசுற நடிகர், எல்லாமே.

நான் இத தியரி புஸ்தகத்துல கத்துக்கல, அவமானப்பட்டுக் கத்துக்கிட்டேன். நான் ஒரு சின்ன நாடகக் குழுவுல லைட் போடுறவன். முதல்முதலா நாங்க இதே மதர் கரேஜை எடுத்தப்ப அந்த மேளம் சீனுக்கு நான் ரொம்ப ஆசையா டிசைன் பண்ணேன், மேடை முழுக்க இருட்டு, லேசா நீலம், அந்தப் பொண்ணு மேல மட்டும் ஒரு ஸ்பாட், அவ சாஞ்சதும் அப்படியே மெதுவா ஃபேட். ரிகர்சல்ல பாத்த எல்லாருக்கும் புல்லரிச்சுது. டைரக்டர் மட்டும் ஒண்ணும் பேசல, லைட் போர்டு கிட்ட வந்து "தம்பி, ரொம்ப அழகா இருக்கு, ஆனா அவளைச் சுட்டது யாருன்னே தெரியலையேப்பா"ன்னாரு. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு.

அவர் சொன்னது எவ்ளோ பெரிய விஷயம்னு அப்புறம்தான் விளங்குச்சு. அந்த சீன்ல என்ன நடக்குது பாருங்க. ராத்திரியில ஹாலே நகரத்தை அடிக்க ஒரு படை வருது, ஊர் தூங்குது. வழியில இருக்கிற விவசாயக் குடும்பம் "நம்மளால என்ன செய்ய முடியும்"னு மண்டி போட்டு ஜெபம் பண்ணுது. ஊர்ல குழந்தைங்க இருக்குன்னு காதுல விழுந்ததும் கட்ரின், அந்த ஊமைப் பொண்ணு, ஒரு மேளத்தை எடுத்துட்டு கூரை மேல ஏறி ஏணியையும் மேல இழுத்துக்கிறா. சிப்பாய்ங்க வந்து மிரட்டுறானுங்க, அவ அம்மாவோட வண்டிய உடைச்சிடுவோம்னு சொல்றானுங்க, மேளச் சத்தத்தை மறைக்க மரத்தை வெட்டி சத்தம் போட்டுப் பாக்குறானுங்க, ஒண்ணும் நடக்கல, கடைசியில துப்பாக்கிய கொண்டு வந்து நட்டு வெச்சு சுடுறானுங்க. அவ சாயுறப்ப ஊர் முழிச்சுக்குது, மணி அடிக்குது. இப்ப நான் ஸ்பாட் போட்டா என்ன ஆகுது? ஜெபம் பண்ண குடும்பம் இருட்டுல, மரம் வெட்டினவன் இருட்டுல, சுட்டவன் இருட்டுல. ஒரு தியாக தேவதை மட்டும் வெளிச்சத்துல. பாக்குறவன் அழுவான், அழுறதைத் தவிர வேற வேலையே இருக்காது அவனுக்கு. அன்னிக்கு ராத்திரியே எல்லாத்தையும் கழட்டிட்டு மேடை முழுக்க ஒரே சீரா வெள்ளை வெளிச்சம் போட்டோம். அப்பவும் ஜனங்க அழுதாங்க, ஆனா வெளிய வந்து அந்த விவசாயக் குடும்பத்தைப் பத்தி சண்டை போட்டுக்கிட்டாங்க, அவங்க கோழையா இல்ல நாமளா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்போமான்னு. பிரெக்ட் லைட்மேனுக்குன்னே ஒரு கவிதை எழுதியிருக்காரு, மேடைக்கு வெளிச்சத்தைக் கொடுப்பா, அரை இருட்டுல உலகத்தை எப்படிக் காட்டுறதுங்கிற மாதிரி போகும், அத நான் பிரிண்ட் எடுத்து போர்டு பக்கத்துல ஒட்டி வெச்சிருக்கேன்.

சரி, ஆள் யாருன்னு பாத்துருவோம். பெர்டோல்ட் பிரெக்ட், 1898 பிப்ரவரி 10, தெற்கு ஜெர்மனியில ஆக்ஸ்பர்க்ல பொறந்தவரு. அப்பா காகித ஆலையில வேலைக்குச் சேர்ந்து டைரக்டர் வரைக்கும் போனவரு, அதாவது வசதியான வீடு, ஏழை வீட்டுப் பிள்ளை கிடையாது. ம்யூனிக்ல மருத்துவம் படிக்கப் போனாரு, முதல் உலகப்போர் முடியுற நேரத்துல ராணுவ ஆஸ்பத்திரியில உதவியாளா வேலை பாத்தாரு. அந்த 1918லயே ஒரு பாட்டு எழுதினாரு, செத்துப்போன சிப்பாயை குழியிலேர்ந்து தோண்டி எடுத்து, டாக்டர் 'ஃபிட்'னு சர்டிஃபிகேட் கொடுத்து, நாத்தம் தெரியாம இருக்க சாம்பிராணி போட்டு, மறுபடியும் போருக்கு ஊர்வலமா அனுப்புற பாட்டு. இருபது வயசுப் பையன். நாஜிகள் அவர் மேல வெச்சிருந்த கடுப்புக்கு இந்தப் பாட்டும் ஒரு முக்கியக் காரணம். உங்களை ரொம்ப பாதிச்ச புஸ்தகம் எதுன்னு ஒரு பத்திரிகை கேட்டப்ப "சிரிப்பீங்க, பைபிள்தான்"னு சொன்னவரு, அது வெறும் ஜோக் இல்ல, அவர் எழுத்துல லூத்தர் ஜெர்மன்ல மொழிபெயர்த்த பைபிளோட நறுக்கு இருக்குன்னு ஜெர்மன் தெரிஞ்சவங்க சொல்வாங்க.

அவருக்கு நாடகம் சொல்லிக் கொடுத்த வாத்தியார்னு யாரையாவது சொல்லணும்னா நான் கார்ல் வாலன்டீனைத்தான் சொல்வேன். ம்யூனிக் பீர் ஹால்கள்ல காமெடி பண்ண ஆளு, ஒல்லியா நீளமா இருப்பாரு. 1924ல பிரெக்ட் ஒரு பழைய இங்கிலீஷ் ராஜா கதைய மேடையேத்துறாரு, அதுல போருக்குப் போற சிப்பாய்ங்க சீன் என்ன செஞ்சும் சரியா வரல. ரிகர்சலுக்கு வந்திருந்த வாலன்டீன்கிட்ட "சிப்பாய்ங்க எப்படி இருப்பாங்க"ன்னு கேக்குறாரு. அவர் அசால்ட்டா "வெளிறிப் போயிருப்பானுங்க, பயந்துட்டு இருப்பானுங்க"ங்கிறாரு. அவ்ளோதான், எல்லா சிப்பாய் மூஞ்சியிலயும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையப் பூசிட்டாங்க. நடிகன் பயப்படுற மாதிரி உள்ளுக்குள்ள உணர்ச்சிவசப்பட்டு நடுங்க வேண்டாம், பயம் இங்க இருக்குன்னு வெளிய எழுதிக் காட்டிட்டாப் போதும். அந்த ஒரு நாள்லதான் தன்னோட பாணி பிடிபட்டுச்சுன்னு பின்னாடி அவரே சொல்லியிருக்காரு. தியரி அப்புறம்தான் வந்துச்சு, முதல்ல வந்தது ஒரு டப்பா வெள்ளைப் பவுடர்.

அதுக்கும் முன்னாடியே, 1922ல 'இரவில் முரசுகள்' நாடகம் ம்யூனிக்ல போட்டப்ப, ஹால் சுவத்துல போர்டு மாட்டி வெச்சிருந்தாங்க, "இப்படி ரொமான்டிக்கா முறைச்சுப் பாக்காதீங்க"ன்னு. டிக்கெட் வாங்கிட்டு வந்தவனைத் திட்டுறாரு, அதுக்கு அந்த வருஷமே க்ளைஸ்ட் பரிசுங்கிற இலக்கிய விருதும் கொடுத்தாங்க! அந்தக் காலத்துல அவருக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம் வேற. பாக்ஸிங் பாக்குறவன் சிகரெட் பிடிச்சுட்டு, கத்திட்டு, இவன் குத்து தப்பு அவன் கால் வைக்கிறது தப்புன்னு நிபுணன் மாதிரி பேசுறான், தியேட்டர்ல மட்டும் ஏன் சர்ச்ல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கான், இதுதான் அவரோட ஆதங்கம்.

1928 ஆகஸ்ட் 31, பெர்லின்ல ஷிஃப்பௌவர்டாம் தியேட்டர்ல 'மூணு காசு ஆப்பரா'. இருநூறு வருஷத்துக்கு முந்தின ஒரு இங்கிலீஷ் ஆப்பராவ எலிசபெத் ஹௌப்ட்மன் ஜெர்மன்ல கொண்டு வர, கர்ட் வைல் ம்யூசிக் போட, ஊரே பாடுச்சு. "முதல்ல சோறு, அப்புறம்தான் தர்மம்"னு அர்த்தம் வர்ற வரி அதுலதான். திருடன், பிச்சைக்காரங்களை வெச்சு பிசினஸ் பண்றவன், போலீஸ் கமிஷனர், எல்லாரும் கூட்டாளிங்க. கூத்து என்னன்னா இத எந்த முதலாளிக் கூட்டத்தைக் கேலி பண்ணி எழுதினாரோ அந்தக் கூட்டமே டிக்கெட் வாங்கி வந்து கை தட்டி ரசிச்சுட்டுப் போச்சு. வந்த பணத்தப் பங்கு பிரிச்சதையும் சொல்லிடறேன், பிரெக்ட்டுக்கு 62.5 சதவீதம், வைலுக்கு 25, ஹௌப்ட்மனுக்கு 12.5. வேறொருத்தர் மொழிபெயர்ப்பிலேர்ந்து வரிகளைச் சுட்டுட்டாருன்னு ஒரு விமர்சகர் பிடிச்சப்ப, அறிவுசார் சொத்து விஷயத்துல நான் அடிப்படையிலேயே கொஞ்சம் அலட்சியம்தான்னு பதில் சொன்னவரு. ஹௌப்ட்மன், மார்கரெட்ட ஸ்டெஃபின், ரூத் பெர்லாவ், இவங்க மூணு பேர் உழைப்பு இல்லாம இன்னிக்கு நாம சொல்ற பிரெக்ட் இல்ல, அட்டையில அவங்க பேரு பொடி எழுத்துல இருந்துச்சு இல்லன்னா இல்லவே இல்ல. சுரண்டலைப் பத்தி இவ்ளோ எழுதின ஆளு வீட்டுக்குள்ள இப்படி இருந்தாருங்கிறது எனக்கு உறுத்தல்தான், அத மழுப்ப நான் தயாரா இல்ல.

1933 பிப்ரவரி 27 ராத்திரி ஜெர்மன் பார்லிமென்ட் கட்டடம் எரிஞ்சுது, அடுத்த நாளே குடும்பத்தோட கிளம்பிட்டாரு. டென்மார்க், ஸ்வீடன், ஃபின்லாந்து, அப்புறம் மாஸ்கோ, ரயில்ல சைபீரியாவைத் தாண்டி விளாடிவோஸ்டாக், அங்கேர்ந்து கப்பல்ல 1941 ஜூலையில கலிஃபோர்னியா. செருப்ப மாத்துறத விட அதிகமா நாடு மாத்தினோம்னு ஒரு கவிதையில எழுதியிருக்காரு. ஸ்டெஃபின் காசநோயால மாஸ்கோ ஆஸ்பத்திரியில செத்துப்போனாங்க, இவர் அப்போ ரயில்ல போயிட்டு இருந்தாரு. பெரிய நாடகங்கள்னு நாம சொல்றது பெரும்பாலும் இந்த அலைச்சல்ல, மேடையே இல்லாத நேரத்துல எழுதினது. தன் மொழி பேசுற நடிகர் இல்ல, ஆடியன்ஸ் இல்ல, மேஜை டிராயருக்குள்ள போடுறதுக்காக எழுதிட்டு இருந்தாரு.

இப்ப அழக்கூடாதுன்னு உங்க ஃப்ரெண்டு தப்பாப் புரிஞ்சுக்கிட்ட பிரெக்ட்டோட அந்தக் கருத்துக்கு வருவோம். ஜெர்மன்ல அதுக்குப் பேரு 'ஃபெர்ஃப்ரெம்டுங்'. தமிழ்ல அந்நியமாதல்னு போட்டதுல ஒரு குழப்பம் ஆகிப்போச்சு, ஏன்னா மார்க்ஸ் சொன்ன அந்நியமாதலுக்கும் நாம அதே வார்த்தையத்தான் வெச்சிருக்கோம், ஜெர்மன்ல ரெண்டும் வேற வேற சொல்லு. அதனால படிக்கிறவங்க "ஓ, ஆடியன்ஸ நாடகத்துலேர்ந்து விலக்கி வைக்கணும் போல"ன்னு புரிஞ்சுக்கிறாங்க. அவர் சொன்னது பழகிப்போனத விசித்திரமாக் காட்டுறது. தெனம் பாக்குறதால கண்ணுக்குத் தெரியாமப் போனத, ஐயோ இது ஏன் இப்படி இருக்குன்னு கேக்க வைக்கிறது. 1935ல மாஸ்கோவுல மெய் லான்ஃபாங்னு ஒரு சீன நடிகரப் பாத்தாரு, பெண் வேஷம் கட்டுறதுல பேர் போனவரு. அவர் மேக்கப் இல்ல, லைட் இல்ல, கோட் சூட் போட்டுட்டு ஒரு சாதாரண ரூம்ல பெண் பாத்திரத்தைச் செஞ்சு காட்டினாரு. அங்க ஒரே நேரத்துல ரெண்டு பேரு தெரியுறாங்க, காட்டுறவரு ஒண்ணு, காட்டப்படுற பொண்ணு ஒண்ணு. பிரெக்ட் தேடிட்டு இருந்தது அதத்தான்.

இத அவரு விளக்கின விதம் இன்னும் எளிமை. ரோட்டுல ஒரு ஆக்ஸிடெண்ட். பாத்த ஆளு ஒருத்தன் கூடின கூட்டத்துக்கு நடந்தத செஞ்சு காட்டுறான், டிரைவர் இப்படித் திருப்பினான், பெரியவரு இப்படி நடந்து வந்தாரு, இந்தக் காலை முன்னாடி வெச்சாரு. அவனுக்கு நடிப்பு வரணும்னு அவசியமே இல்ல, பெரியவரு மாதிரியே மாறி கூட்டத்தை மயக்கிட்டான்னா உண்மையில காரியம் கெட்டுடும், ஏன்னா கூட்டம் முடிவு பண்ண வேண்டியது யாரு மேல தப்புன்னு. அதுல ஒருத்தன் "இல்லப்பா, நீ சொல்றது தப்பு, அவர் வலது பக்கம்தான் பாத்தாரு"ன்னு மறுக்கவும் இடம் இருக்கணும். என் நாடகத்துக்கு இந்த ரோட்டோர ஆளுதான் மாடல்னு எழுதினாரு. நம்ம ஊர் டீக்கடை முன்னாடி இந்த நாடகம் வாரத்துக்கு ரெண்டு தடவை நடக்குது, நாமளே நடிச்சிருக்கோம்.

ரிகர்சல்லயும் இதுக்குன்னு வழி வெச்சிருந்தாரு. நடிகர் தன் வசனத்த "அவன் எழுந்து நின்னு, நேத்து சாப்பிடாததால கோவமா இப்படிச் சொன்னான்"னு படர்க்கையில, இறந்தகாலத்துல, மேடைக் குறிப்போட சேத்து சொல்லிப் பாக்கணும். இன்னொன்னு, செய்யுற ஒவ்வொரு காரியத்துலயும் செய்யாம விட்டது என்னன்னு தெரியணும், அவன் கதவைத் திறக்கல, ஜன்னல்கிட்ட போனான், அப்படி. நாங்க இத ட்ரை பண்ணப்ப முதல் ரெண்டு நாள் எல்லாருக்கும் சிரிப்பா வந்துச்சு, மூணாவது நாள் எங்க குழுவுலயே சுமாரா நடிக்கிற பையன் திடீர்னு பிரமாதமாப் பண்ண ஆரம்பிச்சான், கேட்டா "இப்பத்தான் இவன் என்ன பண்றான்னு எனக்கே தெரியுதுண்ணே"ங்கிறான்.

கூத்து பாத்து வளந்தவங்களுக்கு இதெல்லாம் என்ன புதுசுன்னு தோணும். ரெண்டு பேர் பிடிச்ச திரைக்குப் பின்னாடியிருந்து வேஷக்காரர் வந்து நான்தான் இன்ன மகாராஜான்னு பாடி அறிமுகம் பண்ணிக்குவாரு, கட்டியங்காரன் நடுவுல பூந்து ராஜாவையே நக்கல் பண்ணுவான், ஊர் விஷயம் பேசுவான். பிரெக்ட்டும் கம்பியில ஓடுற அரைத் திரைதான் வெச்சாரு, பின்னாடி ஆளுங்க நடமாடுறது தெரியட்டும்னு. அதுக்காக பிரெக்ட் கூத்தைப் பாத்துதான் எடுத்தாருன்னு கிளப்பி விடாதீங்க, அவருக்கு வந்தது ஆக்ஸ்பர்க் திருவிழாவுல கதைப் படத்தைக் குச்சியால தொட்டுத் தொட்டுப் பாடுற பாட்டுக்காரங்க, வாலன்டீன், சீன மேடை, இந்த வழியில. பாமர மேடைக்கு எங்கயும் தெரிஞ்ச வித்தை இது, ஐரோப்பாவோட பட்டு சீட்டு தியேட்டர்தான் நடுவுல மறந்துபோச்சு. இலங்கையில 1967ல ஹென்றி ஜயசேன சிங்களத்துல 'ஹுணுவடயே கதாவ'ன்னு பிரெக்ட்டோட சுண்ணாம்பு வட்டக் கதையப் போட்டு அது வருஷக்கணக்கா ஓடுச்சு, அங்க யாருக்கும் எபிக் தியேட்டர்னா, அதாவது பிரெக்ட்டோட இந்த நாடகப் பாணின்னா, என்னன்னு கிளாஸ் எடுக்க வேண்டி வரல.

இப்ப மதர் கரேஜ். 1939ல ஹிட்லர் போலந்துக்குள்ள பூந்த சமயத்துல ஸ்வீடன்ல எழுதினது, கதை 1624லேர்ந்து 1636 வரைக்கும், ஐரோப்பாவுல நடந்த முப்பதாண்டுப் போர். கரேஜ்ங்கிற பொம்பளை ஒரு வண்டிய இழுத்துட்டு படைங்க பின்னாடியே போய் சிப்பாய்க்கு பிராந்தி, பெல்ட், சட்டைன்னு விக்கிறவ. மூணு பிள்ளைங்க. போர் வேணும், அதுலதான் யாவாரம், ஆனா பிள்ளைங்கள மட்டும் போர் தொடக்கூடாது, இதான் அவ கணக்கு. கவனிச்சுப் பாருங்க, ஒவ்வொரு பிள்ளை போகும்போதும் அவ பேரம் பேசிட்டு இருப்பா. மூத்தவன படைக்கு ஆள் பிடிக்கிறவன் இழுத்துட்டுப் போறப்ப அவ ஒரு பெல்ட் பக்கிளுக்கு வெலை பேசிட்டு இருக்கா, காசு நல்ல காசான்னு பல்லால கடிச்சுப் பாக்குறா. ரெண்டாமவன விடுவிக்க இருநூறு கில்டர் லஞ்சம் கேக்குறாங்க, வண்டிய மொத்தமா கொடுத்துட்டா நாளைக்குச் சோத்துக்கு என்ன பண்றதுன்னு கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சுக் கேக்குறா, "ரொம்ப நேரம் பேரம் பேசிட்டேன் போல"ன்னு அவளே சொல்றா, அதுக்குள்ள துப்பாக்கி வெடிச்சிருது. கட்ரின் கூரை மேல சாகுறப்ப அம்மா ஊருக்குள்ள, பயந்து ஓடுறவன்கிட்ட சல்லிசா சரக்கு வாங்கப் போயிருக்கா.

1941 ஏப்ரல்ல சூரிச்ல இது முதல்ல மேடையேறுச்சு, தெரேசெ கீஸெ நடிச்சாங்க, பிரெக்ட் அப்போ ஃபின்லாந்துல சிக்கிட்டு இருந்தாரு, பாக்க முடியல. பத்திரிகைங்க ஆஹா, தாய்மையோட அழியாத சக்தி, பிள்ளைங்கள இழந்த கிரேக்கப் புராண நியோபே மாதிரின்னு எழுதுச்சு. பிரெக்ட்டுக்கு வயிறு எரிஞ்சுது. நியோபே பிள்ளைங்கள தெய்வம் கொன்னுச்சு, இங்க தெய்வம் எங்க வந்துச்சு? பின்னாடி பெர்லின்ல மேடையேத்துறதுக்காக உக்காந்து திருத்தினாரு. முந்தி அவளே மனசிரங்கி காயம்பட்டவங்களுக்குக் கட்டுப்போட சட்டைய எடுத்துக் கொடுப்பா, மாத்தி எழுதினதுல முடியாதுன்னு நிக்கிறா, அவகிட்டேர்ந்து பிடுங்கித்தான் கிழிக்கிறாங்க. பெல்ட் பக்கிள் பேரமும் இந்தத் திருத்தத்துல வந்ததுதான்.

1949 ஜனவரி 11, இடிஞ்சு கிடந்த பெர்லின்ல, அவர் மனைவி ஹெலேனெ வைகெல் கரேஜா மேடையேறினாங்க. பதினஞ்சு வருஷம் கிட்டத்தட்ட மேடையே இல்லாம அகதி வீட்டுல சமைச்சுட்டு இருந்த நடிகை, 48 வயசு. மகனைச் சுடுற சத்தம் கேக்குற இடத்துல அவங்க கத்தல. தலைய பின்னாடி சாச்சு, வாய முழுசா பொளந்து, சத்தமே இல்லாம. பாத்தவங்க அத வாழ்நாள் முழுக்க மறக்கல. அந்த மூஞ்சி எங்கேர்ந்து வந்திருக்கும்னு பிரெக்ட்டே குறிப்புல எழுதியிருக்காரு, சிங்கப்பூர் மேல குண்டு விழுந்தப்ப செத்த பிள்ளை பக்கத்துல உக்காந்து கதறுற ஒரு இந்தியத் தாயோட பத்திரிகை போட்டோலேர்ந்துதான் வந்திருக்கணும்னு. எனக்கு இதப் படிச்ச அன்னிக்கு வேற வேலை ஓடல. போட்டோவுல வாய் திறந்திருக்கும், சத்தம் வராது இல்லையா, அத அப்படியே மேடைக்குக் கொண்டு வந்திருக்காங்க.

இப்படி ஒரு காட்சிய வெச்சவரு அழுகைக்கு எதிரியா? அதே வருஷம் ஃப்ரீட்ரிஷ் வுல்ஃப்ங்கிற நாடகாசிரியர் அவர்கிட்ட கேட்டாரு, கடைசியிலயாவது கரேஜ் திருந்தி போர் வேணாம்னு சொல்லியிருக்கலாமேன்னு. அவ கத்துக்கலன்னாலும் அவளைப் பாக்குறவங்க கத்துக்கலாம்னு பதில் சொன்னாரு, அதே பேச்சுல என் நாடகம் உணர்ச்சிய துறந்துட்டதுன்னு சொல்றதும் தப்புன்னு தெளிவாச் சொல்லியிருக்காரு. உங்க ஃப்ரெண்டுக்கு இத ஃபார்வர்ட் பண்ணுங்க.

கலிலியோ நாடகமும் இதே கதைதான், எழுதி முடிச்சதுன்னு விட்டு வைக்க மாட்டாரு. 1938ல எழுதினப்ப, சர்ச்சுக்குப் பயந்து சொன்னத வாபஸ் வாங்கின கலிலியோ கெட்டிக்காரன், உயிரோட இருந்து ரகசியமா புஸ்தகத்தை முடிச்சுட்டான்னு தோணுற மாதிரி இருந்துச்சு. 1945 ஆகஸ்ட்ல ஹிரோஷிமா. அதுக்கப்புறம் அதே கலிலியோ தன்னைத்தானே துரோகின்னு சொல்லிக்கிறான், விஞ்ஞானத்த ஆட்சிக்காரன் கையில கொடுத்தவன்னு. சார்ல்ஸ் லாட்டன்ங்கிற நடிகரோட சேந்துதான் இங்கிலீஷ்ல கொண்டு வந்தாரு, லாட்டனுக்கு ஜெர்மன் சுத்தமாத் தெரியாது, இவருக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறி, ரெண்டு பேரும் நடிச்சு நடிச்சுக் காட்டியே மொழிபெயர்த்தாங்க. 1947 ஜூலையில அத மேடையேத்தினப்ப கலிஃபோர்னியாவுல செம வெயில், லாட்டன் தியேட்டர் சுவரை ஒட்டி ஐஸ் ஏத்தின லாரிங்கள நிறுத்தி ஃபேன் போடச் சொன்னாராம், எதுக்குன்னா ஆடியன்ஸ் யோசிக்க முடியணுமாம்!

அதே வருஷம் அக்டோபர் 30 வாஷிங்டன்ல, யாரு கம்யூனிஸ்ட்னு தோண்டித் துருவின அமெரிக்க அரசாங்க விசாரணைக் கமிட்டி முன்னாடி நின்னாரு. அவருக்கு முன்னாடி வந்த பத்து பேரு பதில் சொல்ல மாட்டோம்னு ஜெயிலுக்குப் போனவங்க. இவரு சுருட்டு பிடிச்சுட்டு, கட்சி மெம்பர் இல்லன்னு சொல்லிட்டு, மொழிபெயர்ப்பு சரியில்ல சரியில்லன்னு அவங்களையே சுத்தல்ல விட்டு, சேர்மன் கையால நன்றியும் வாங்கிட்டு மறுநாளே விமானம் ஏறிட்டாரு. கரேஜை எழுதினவருக்கு பேரம் பேசவும் தெரியும்.

அப்புறம் கிழக்கு பெர்லின், சொந்தமா பெர்லினர் ஆன்ஸாம்பிள் குழு, மாசக்கணக்குல ரிகர்சல் பண்ண அரசாங்கப் பணம். பையில ஆஸ்திரிய பாஸ்போர்ட், புஸ்தக உரிமை மேற்கு ஜெர்மன் பதிப்பகத்துக்கிட்ட. 1953 ஜூன் 17 தொழிலாளிங்க அரசாங்கத்தை எதிர்த்து எழுந்து நின்னாங்க, சோவியத் டாங்கி வந்து நசுக்குச்சு. இவரு கட்சித் தலைமைக்கு ஒரு கடிதம் எழுதினாரு, அதுல விசுவாசம் சொன்ன கடைசி வரிய மட்டும் கட்சிப் பேப்பர் போட்டுச்சு. வீட்டுல உக்காந்து ஒரு கவிதை எழுதினாரு, மக்கள் அரசாங்கத்தோட நம்பிக்கைய இழந்துட்டாங்களாம், அப்போ அரசாங்கம் மக்களைக் கலைச்சுட்டு வேற மக்களைத் தேர்ந்தெடுத்துக்கலாமேன்னு. உலகத்துல பாதிப் பேரு இன்னிக்கும் மேற்கோள் காட்டுற வரி, ஆனா உயிரோட இருந்த வரைக்கும் அத வெளியிடல. 1954ல சோவியத்தோட ஸ்டாலின் பரிசு வேற. தைரியம் போதலன்னு சொல்றவங்களோட நான் சண்டைக்குப் போக மாட்டேன். 1956 ஆகஸ்ட் 14 மாரடைப்புல போயிட்டாரு, 58 வயசு.

கவிதைன்னதும் ஞாபகம் வருது, நாடகம் பாக்க வாய்ப்பில்லாதவங்க அவர் கவிதைலேர்ந்து ஆரம்பிக்கலாம், எனக்கு அதுதான் இன்னும் நெருக்கம். 1935ல எழுதின ஒரு படிக்கிற தொழிலாளியோட கேள்விகள்னு ஒண்ணு இருக்கு, ஏழு வாசல் தீப்ஸ் நகரத்தைக் கட்டினது யாரு, புஸ்தகத்துல ராஜா பேரு இருக்கு, ராஜாவா கல்லு சுமந்தாருன்னு ஆரம்பிக்கும். அதுல ஒரு இடத்துல ஸ்பெயின் ராஜா ஃபிலிப் தன் கப்பல் படை முழுகினப்ப அழுதாருன்னு வரும், அடுத்ததா, வேற யாருமே அழலையான்னு ஒரு கேள்வி.

உங்க கேள்விக்கே திரும்ப வரேன். நீங்க மேளம் அடிக்கிற இடத்துல அழுதீங்க, நல்லது, வைகெல் நடிச்ச பெர்லின்லயும் அழுதாங்க. அதுக்கு அடுத்த சீனை எத்தனை பேர் கவனிக்கிறாங்கன்னுதான் நான் லைட் போர்டுலேர்ந்து எப்பவும் பாப்பேன். கரேஜ் மகள் பொணத்த மடியில போட்டு தாலாட்டு பாடிட்டு, படை நகருது, பின்னாடி போகணும், புதைக்க நேரமில்ல, விவசாயிங்ககிட்ட புதைக்கச் சொல்லி காசு கொடுக்கிறா. வைகெல் அதுக்குத் தோல்பைய திறந்து காசை எடுத்து, கையில வெச்சுப் பாத்து, ஒரு காசைத் திருப்பி பைக்குள்ள போட்டுட்டு மீதியக் கொடுப்பாங்க. அப்புறம் தனியா வண்டிய இழுத்துட்டுக் கிளம்புவாங்க, சுழலும் மேடை எதிர்ப்பக்கம் சுத்தும், முதல் சீன்ல ரெண்டு மகனுங்க இழுத்த அதே வண்டி. எங்க நாடகத்துல கரேஜா நடிச்ச அக்கா அந்தக் காசைத் திருப்பிப் போடுறப்ப ஒவ்வொரு ஷோவுலயும் யாராவது ஒருத்தர் "அடிப்பாவி"ன்னு வாய்விட்டுச் சொல்லிடுவாங்க, கண்ணத் தொடைச்சுக்கிட்டே.